ஏடாப்: நேற்றிரவு சர்வரில் நடந்ததை இன்று காலையில் பார்க்க

இரவு இரண்டு மணிக்கு சர்வர் திணறும். இரண்டு இருபதுக்குத் தானாகவே தெளிந்துவிடும். காலையில், ஓடும் நிரல்களைப் பட்டியலிடும் டாப் கட்டளையை ஓட்டிப் பார்ப்பவருக்கு ஒன்றும் அகப்படாது. டாப், ஹெச்டாப் இரண்டும் இந்த நொடியை மட்டும் காட்டுபவை. கிராஃபானா என்ற வரைபடக் கருவி வைத்திருக்கும் இடங்களில் சிபியு ஏறியது வரைபடத்தில் தெரியும். ஏற்றியது எந்தப் புராசஸ் (ஓடும் நிரல்) என்பது பெரும்பாலும் தெரியாது. அந்தக் கேள்விக்குக் கட்டளை வரியிலேயே பதில் சொல்லும் கருவி ஏடாப். நெதர்லாந்தைச் சேர்ந்த கெர்லோஃப் லாங்கெஃபெல்ட் எழுதியது, லினக்ஸுக்கானது, ஜிபிஎல் உரிமம், காசு கிடையாது.

பலர் இதை நிறுவி, ஒருமுறை ஓட்டிப் பார்த்து, திரை முழுக்க எண்களாகக் கொட்டுவதைக் கண்டு ஹெச்டாப்புக்கே திரும்பிவிடுகிறார்கள். அப்படி எடைபோட்டால் ஏடாப் தோற்றுத்தான் போகும். நேரலைத் திரை அதன் பலமே அல்ல. பின்னணியில் ஓசையில்லாமல் எழுதிவரும் பதிவும், அந்தப் பதிவை அதே திரையில் முன்னும் பின்னுமாக ஓட்டிப் பார்க்கும் வசதியும்தான் பலம். ஆனால் நிறுவியவுடன் வரும் அமைப்பு அந்தப் பலத்தைப் பாதியாகக் குறைத்து வைத்திருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் விட்டால், தேவைப்படும் அன்று கையில் இருப்பது வெறும் சராசரிதான்.

நிறுவுவது எளிது. டெபியன், உபுண்டுவில் ஆப்ட் வழியாகவே வரும். ரெட்ஹேட் வகையறாவில் ஈபெல் என்ற கூடுதல் மென்பொருள் களஞ்சியத்தைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அங்கே சர்வீஸைக் கையால் எனேபிள் செய்து தொடங்கவும் வேண்டும், டெபியன் பக்கம் அது தானாகவே ஓடத் தொடங்கும். சர்வீஸ்களை நடத்தும் சிஸ்டம்டியில் இதற்குக் கவனிக்க வேண்டிய உருப்படிகள் மூன்று. பதிவை எழுதும் ஏடாப் சர்வீஸ் ஒன்று. நள்ளிரவில் அதை மறுதொடக்கம் செய்து புதுக் கோப்பைத் திறக்கவைக்கும் ஏடாப்-ரொட்டேட் டைமர் மற்றொன்று. மூன்றாவது ஏடாப்-அக்கவுண்ட் சர்வீஸ். செத்துப்போன புராசஸ்களின் கணக்கை இதுதான் சேர்த்துக் கொடுக்கிறது. சிலர் ‘இது எதற்கு’ என்று மூன்றாவதை நிறுத்திவிடுகிறார்கள். அது எவ்வளவு பெரிய இழப்பு என்பது கொஞ்சம் கீழே வரும்.

பதிவுகள் /வார்/லாக்/ஏடாப் அடைவில் நாளுக்கு ஒரு கோப்பாக, பெயரில் தேதியோடு உட்காரும். அமைப்புக் கோப்பு டெபியன் வகையில் /எட்சி/டிஃபால்ட்/ஏடாப். ரெட்ஹேட் வகையில் /எட்சி/சிஸ்கான்ஃபிக்/ஏடாப். அதில் தொட வேண்டியவை இரண்டே வரிகள்: எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை பதிவது என்ற லாக்இன்டர்வெல், எத்தனை நாள் கோப்புகளை வைத்திருப்பது என்ற லாக்ஜெனரேஷன்ஸ். முதலாவது 600 வினாடி என்றும் இரண்டாவது 28 நாள் என்றும் இருக்கும்.

அந்த 600-ஐ மாற்றாமல் விடாதீர்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு சாம்பிள் என்றால், இடையில் நடந்ததெல்லாம் அந்தப் பத்து நிமிடத்தின் மீது பரப்பிப் பூசப்படும். ஒரு புராசஸ் 30 வினாடி ஒரு கோரை முழுதாக விழுங்கியது என்று வையுங்கள். 600 வினாடிப் பதிவில் அது 5 சதவீதமாகத் தெரியும். யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். 60 வினாடிப் பதிவில் அதே சம்பவம் 50 சதவீதம். 10 வினாடி என்றால் தொடர்ந்து மூன்று சாம்பிளில் நூறு நூறாக நிற்கும். பெரும்பாலான சர்வர்களுக்கு 60 போதும். குறுகிய திணறல்களைத் துரத்தும்போது மட்டும் சில நாள் 10-க்கு இறக்கிவிட்டு, பிடித்த பிறகு ஏற்றிக்கொள்ளலாம். மாற்றியவுடன் ‘சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் ஏடாப்’ அடிக்க வேண்டும். அடிக்காவிட்டால் நள்ளிரவு ரொட்டேட் வரை பழைய இடைவெளியே ஓடும்.

இடம் எவ்வளவு பிடிக்கும் என்பதற்குப் பொதுவான எண் சொல்ல முடியாது. 600 வினாடியில் நாளுக்கு 144 சாம்பிள் என்பது 60 வினாடியில் 1,440 ஆகும், 10 வினாடியில் 8,640. கோப்பு ஸெட்லிப் என்ற சுருக்கும் நூலகத்தின் மூலம் சுருக்கப்பட்டுத்தான் எழுதப்படுகிறது. ஆனாலும் ஒவ்வொரு சாம்பிளிலும் புராசஸ் வரிகள் இருப்பதால், அளவைத் தீர்மானிப்பது அந்த இயந்திரத்தில் எத்தனை புராசஸ், அவற்றுக்குள் இணையாக ஓடும் த்ரெட் எத்தனை என்பதே. முப்பது புராசஸ் ஓடும் சின்ன விபிஎஸ்ஸும் (வாடகை மெய்நிகர் சர்வர்), ஆயிரம் பிஹெச்பி வொர்க்கர் ஓடும் பெரிய பெட்டியும் ஒன்றல்ல. இடைவெளியை மாற்றி ஒரு முழுநாள் விடுங்கள். மறுநாள் அந்தக் கோப்பின் அளவை 28-ஆல் பெருக்குங்கள். /வார் தனிப் பார்டிஷனாக இல்லாமல் ரூட்டிலேயே இருந்தால், நாள்களை 28-இலிருந்து 10 அல்லது 7-க்குக் குறைப்பது புத்திசாலித்தனம். கண்காணிக்க வைத்த கருவியே டிஸ்க்கை நிரப்பி சர்வரைச் சாய்த்தது என்று பேர் வாங்க வேண்டாம்.

ஏடாப் எவ்வளவு சுமை என்று கேட்பவர்களுக்கு விடை அதன் பதிவிலேயே இருக்கிறது: தன்னையும் ஒரு புராசஸாகப் பதிந்துகொள்கிறது, பெயரைத் தேடினால் எத்தனை சிபியு எடுத்தது என்று தெரியும். த்ரெட்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும் ஜாவா பெட்டிகளில், ஒவ்வொரு சாம்பிளுக்கும் புராசஸ் விவரங்கள் இருக்கும் /புராக் அடைவை முழுதாகத் துழாவ வேண்டியிருப்பதால், 10 வினாடியில் அந்த எண் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். இன்னொன்று: ரூட்டாக ஓடும்போது ஏடாப் தன் நினைவகத்தைப் பூட்டிக்கொண்டு, முன்னுரிமையையும் உயர்த்திக்கொள்கிறது. நினைவகம் போதாமல் சர்வர் டிஸ்க்கில் உள்ள ஸ்வாப்பில் மூழ்கிக்கொண்டிருக்கும்போதும் சாம்பிள் தவறாமல் இருப்பதற்காகச் செய்தது இது. குறை என்று நினைத்து, முன்னுரிமையைக் குறிக்கும் நைஸ் மதிப்பை மாற்றி வைக்காதீர்கள். பெரிய பெட்டியில் பெரிய ஆர் என்ற விருப்பத்தைச் சேர்ப்பதிலும் யோசனை வேண்டும். பகிர்ந்த நினைவகத்தைப் பங்குபிரித்துக் கணக்கிடும் அது, போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் மாதிரி ஷேர்ட் மெமரி அதிகம் உள்ள இடங்களில் அருமையானது, ஆனால் கணக்கிடுவது நேரம் பிடிக்கும் வேலை.

இனி ஓட்டிப் பார்ப்பது. அடிப்படைக் கட்டளை இவ்வளவுதான்:

ஏடாப் -ஆர்

கோப்புப் பெயர் கொடுக்காவிட்டால் இன்றைய பதிவு திறக்கும். ‘ஆர்’-க்குப் பின் ஒரு ‘ஒய்’ சேர்த்தால் நேற்றையது, இரண்டு ‘ஒய்’ என்றால் முந்தாநாள். ஆண்டு, மாதம், தேதியை எட்டு இலக்கமாக ஒட்டிக் கொடுத்தாலும் புரிந்துகொள்ளும். நேரத்தைக் குறுக்க, தொடக்கத்துக்கு ‘பிகின்’ என்பதன் சின்ன பி, முடிவுக்கு ‘எண்ட்’ என்பதன் சின்ன இ:

ஏடாப் -ஆர் ஒய் -பி 01:55 -இ 02:30

திறந்த பிறகு விரல் பழக வேண்டியது ஒரே எழுத்து: ‘டைம்’ என்பதன் டி. சின்னது அடுத்த சாம்பிளுக்கும், பெரியது முந்தைய சாம்பிளுக்கும் நகர்த்தும். சின்ன பி அடித்தால் நேரம் கேட்கும். கொடுத்த இடத்துக்குத் தாவும். சின்ன ஆர் கோப்பின் தொடக்கத்துக்குக் கொண்டுபோகும். வரிசைப்படுத்தப் பெரிய எழுத்துகள்: சிபியுவுக்கு சி, மெமரிக்கு எம், டிஸ்க்குக்கு ‘டிஸ்க்’ என்பதன் டி, எந்த வளம் அதிகம் நெரிபடுகிறதோ அதன்படி தானாக வரிசைப்படுத்தப் பெரிய ஏ. பத்தி மாற்ற இவற்றின் சின்ன எழுத்துகளில் எம், டிஸ்க்கின் டி ஆகியவை உதவும். ஆனால் சின்ன சி அடித்தால் வருவது முழுக் கட்டளை வரி. பத்துப் பைத்தான் புராசஸ்கள் ஓடும் பெட்டியில் எந்த ஸ்கிரிப்ட் எது என்று பிரித்தறிய அதுவே வழி. சின்ன யூ பயனர்வாரியாகவும், ‘புரோகிராம்’ என்பதன் சின்ன பி நிரல்வாரியாகவும் கூட்டிக் காட்டும். கவனிக்க: ‘பிகின்’ பியும் ‘புரோகிராம்’ பியும் கீபோர்டில் வேறு வேறு. நேரலையில் இருக்கும் கில் விசை பின்னோட்டத்தில் வேலை செய்யாது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஒரு பொதுவான டேட்டாபேஸ் சர்வரை எடுத்துக்கொள்வோம்: எட்டு கோர், இரவு 02:10 சாம்பிள். சிபியு வரியில் சிஸ்டம் 35, யூசர் 60, ஐடில் 210, வெயிட் 495 சதவீதம். இவற்றைக் கூட்டினால் 800. ஏடாப் கோர்களைச் சராசரியாக்காது, அடுக்கிக் கூட்டும். முதல்முறை பார்ப்பவர்கள் 495 என்பதைக் கண்டு மிரள்வது இதனால்தான். வெயிட் என்பது சிபியு சும்மா இருக்கிறது, ஆனால் யாரோ டிஸ்க்குக்காகக் காத்திருக்கிறார்கள் என்று பொருள். ஆக, சிபியு வாங்கிப் போட்டால் தீராத பிரச்சினை. டிஸ்க் வரிக்கு வந்தால் பிஸி 99 சதவீதம், எழுதுதல் எண்ணிக்கை படித்தலைவிடப் பல மடங்கு, ஏவிஐஓ 18 மில்லிசெகண்ட். ஒரு படிப்புக்கோ எழுத்துக்கோ சராசரியாக ஆன நேரம்தான் ஏவிஐஓ. எஸ்எஸ்டியில் இது 18 என்று நின்றால் ஏதோ அடைபட்டிருக்கிறது. இப்போது டிஸ்க்கின் பெரிய டி அடித்தால் புராசஸ் பட்டியல் டிஸ்க் உபயோகப்படி மேலிருந்து கீழாக நிற்கும். முதல் வரியில் காப்பு எடுக்கும் டார் இருக்கிறதா, நினைவகத்தில் இருப்பதை டிஸ்க்கில் இறக்கும் டேட்டாபேஸின் செக்பாயிண்டர் இருக்கிறதா என்பதைப் பொறுத்து அடுத்த வேலை மாறும். ‘டைம்’ என்பதன் சின்ன டி அடித்து நான்கு சாம்பிள் முன்னே போனால் அது எப்போது ஓய்ந்தது என்றும், அதன் பெரிய டி அடித்துப் பின்னே போனால் எப்போது கிளம்பியது என்றும் தெரியும். நேரம் வைத்து வேலைகளை ஓட்டும் கிரானில் அந்த நேரத்துக்கு யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்ப்பது மிச்ச வேலை.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். ஒரு புராசஸ் ‘எழுதியது’ என்று காட்டப்படுவது, அது நினைவகப் பக்கத்தை அழுக்காக்கிய (அதாவது நினைவகத்தில் மாற்றி எழுதிய) நேரத்துக் கணக்கு. லினக்ஸின் மையமான கர்னல் அதை டிஸ்க்கில் உண்மையில் இறக்குவது பிறகு நடக்கலாம். அதனால் புராசஸ் எழுதியது ஒரு சாம்பிளிலும், டிஸ்க் பிஸியானது அடுத்த சாம்பிளிலும் விழுவது இயல்பு. பக்கத்துச் சாம்பிளைப் பார்க்காமல் ‘யாருமே எழுதவில்லை, டிஸ்க் மட்டும் பிஸி’ என்று முடிவுகட்ட வேண்டாம். அடுத்தது, பிஸி சதவீதம் ஒரே நேரத்தில் ஒரே வேலை செய்யும் பழைய டிஸ்க்குகளுக்குப் பொருந்தும் அளவு. பல வரிசைகளை இணையாகக் கையாளும் என்விஎம்இ வகை எஸ்எஸ்டி 100 சதவீதம் என்று காட்டிக்கொண்டே இன்னும் இரண்டு மடங்கு வேலை வாங்கக்கூடும். அங்கே ஏவிஐஓவையும் பிஎஸ்ஐ வரியையும் நம்புங்கள். பிஎஸ்ஐ என்பது வளத்துக்காகப் பணிகள் எத்தனை சதவீத நேரம் தேங்கி நின்றன என்று கர்னலே சொல்லும் கணக்கு. 2018 டிசம்பரில் வந்த 4.20 கர்னலிலிருந்து உண்டு. அந்த வரியே தென்படாவிட்டால் உங்கள் விநியோகம் அதை அணைத்து வைத்திருக்கிறது; பூட் வரியில் ‘பிஎஸ்ஐ=1’ சேர்க்க வேண்டும்.

செத்த புராசஸ்கள் விஷயத்துக்கு வருவோம். மற்ற கருவிகளைவிட ஏடாப் எங்கே முந்துகிறது என்று கேட்டால் இதைத்தான் சொல்வோம். சாம்பிள் எடுக்கும் கருவி எதுவாக இருந்தாலும், இரண்டு சாம்பிளுக்கு நடுவே பிறந்து செத்த புராசஸ் அதன் கண்ணில் படாது. ஷெல் ஸ்கிரிப்ட் ஒன்று நிமிடத்துக்கு ஆயிரம் முறை சொல் தேடும் கிரெப்பைக் கூப்பிட்டால், ஒவ்வொன்றும் சில மில்லிசெகண்ட்தான் வாழும். சிபியு நிரம்பியிருக்கும், பட்டியலில் குற்றவாளி இருக்க மாட்டார். ஏடாப் கர்னலின் புராசஸ் அக்கவுண்டிங்கைப் பயன்படுத்தி, முடிந்துபோன ஒவ்வொன்றுக்கும் கர்னல் எழுதிவைக்கும் குறிப்பை வாசித்துச் சேர்த்துக்கொள்கிறது. பட்டியலில் அவற்றின் பெயர் கோண அடைப்புக்குள் வரும், நிலைப் பத்தியில் ‘இ’ இருக்கும், வெளியேறிய குறியீடும் தெரியும். மேலே, புராசஸ்களின் மொத்தக் கணக்கான பிஆர்சி வரியில் அந்த இடைவெளியில் மொத்தம் எத்தனை முடிந்தன என்ற எண்ணிக்கை இருக்கும். திடீரென்று அது பல்லாயிரமாக எகிறினால், எங்கோ ஒரு லூப் புராசஸ்களைப் பெற்றுப் பெற்றுப் போட்டுக்கொண்டிருக்கிறது.

இதன் எல்லையும் தெரிந்திருக்க வேண்டும். அக்கவுண்டிங் குறிப்பில் நிரலின் சுருக்கப் பெயர் மட்டுமே உண்டு, அதுவும் நீளமாக இருந்தால் வெட்டப்பட்டு. கட்டளையின் ஆர்க்யூமெண்ட்கள் இருக்காது. அப்படிப்பட்ட வரிகளில் சில பத்திகளில் வெறும் கேள்விக்குறி நிற்கும். அதாவது ‘பைத்தான்’ என்று தெரியும், எந்தப் பைத்தான் ஸ்கிரிப்ட் என்று தெரியாது. அதற்கு அதன் பெற்றோரைத் தேடிப் போக வேண்டும், அல்லது இடைவெளியைக் குறைக்க வேண்டும். ஏடாப்-அக்கவுண்ட் சர்வீஸ் ஓடாத இடத்தில், ரூட் அல்லாத பயனர் ஏடாப் ஓட்டினால் இந்த வசதி மொத்தமும் கிடையாது. கண்டெய்னருக்குள்ளே நிறுவியும் பயனில்லை, ஹோஸ்டில் நிறுவுங்கள்.

புதிதாக வருபவர்களை மீண்டும் மீண்டும் ஏமாற்றும் ஒன்று முதல் சாம்பிள். ஒவ்வொரு நாள் கோப்பின் தொடக்கத்திலும் இருப்பது, சர்வர் பூட் ஆன நேரத்திலிருந்து சேர்ந்த மொத்தக் கணக்கு. தலைப்பில் அப்படியே எழுதியும் இருக்கும், ஆனால் யார் தலைப்பைப் படிக்கிறார்கள்? ‘நள்ளிரவு 12 மணிக்கு டெராபைட் கணக்கில் எழுதியிருக்கிறது’ என்று பதறி டிக்கெட் போடுவதற்கு முன், ‘டைம்’ என்பதன் சின்ன டி ஒருமுறை அடித்து அடுத்த சாம்பிளைப் பாருங்கள். அதேபோல, எண்கள் இடைவெளியின் மொத்தமாக வருகின்றன; 60 வினாடிக் கோப்பையும் 600 வினாடிக் கோப்பையும் ஒப்பிடும்போது 1 என்ற விசையை அழுத்தி வினாடிச் சராசரிக்கு மாறிக்கொள்ள வேண்டும்.

நேர மண்டலம் இன்னொரு வலை. பதிவில் இருப்பது எபாக் நேரம், அதாவது 1970 தொடக்கத்திலிருந்து எண்ணும் வினாடிகள்; திரையில் காட்டும்போது எந்த இயந்திரத்தில் பார்க்கிறீர்களோ அதன் மண்டலத்துக்கு மாற்றிக் காட்டும். கிளவுட் சர்வர்கள் பெரும்பாலும் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடும். இந்திய நேரம் அதிகாலை 02:10-க்கு நடந்த சம்பவம் அங்கே முந்தைய நாள் 20:40. கோப்பும் முந்தைய தேதிக் கோப்பு. ரொட்டேட் நடப்பதும் நமக்கு விடியற்காலை 05:30. சர்வரிலேயே பார்த்தால் யூடிசி நேரத்தைக் கொடுக்க வேண்டும். கோப்பை லேப்டாப்புக்கு இறக்கி அங்கே பார்த்தால், இந்திய நேரம் காட்டும். ஆப்ளிகேஷன் லாக் யூடிசியில் இருந்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டுமானால் கட்டளைக்கு முன்னால் ‘டிஇசட்=யூடிசி’ என்று போட்டுக்கொள்ளுங்கள். ஐந்தரை மணி நேரம் தள்ளி வேறொரு நிரபராதிப் புராசஸைப் பிடிப்பது இப்படித்தான் நடக்கிறது.

லேப்டாப்புக்கு இறக்கும்போது வரும் அடுத்த தடை, பதிப்பு. ஏடாப்பின் பதிவு வடிவம் பதிப்புக்குப் பதிப்பு மாறும். ஒன்றில் எழுதியதை இன்னொன்று திறக்காது. வடிவம் பொருந்தவில்லை என்று சொல்லி நிறுத்திவிடும். ஏடாப்-கன்வர்ட் என்ற துணைக்கருவி கூடவே வருகிறது. பழையதைப் புதியதாக மாற்றித் தரும், புதியதைப் பழையதாக அல்ல. ஆக, ஆராயும் இயந்திரத்தில் எப்போதும் ஆகப் புதிய பதிப்பை வைத்திருப்பது நல்லது. சர்வரிலேயே பட்டப்பகலில் பேக்கேஜை மேம்படுத்தினாலும் இதே சிக்கல் உண்டு: இன்றைய கோப்பு பழைய வடிவத்தில் இருக்க, புதிய பதிப்பு அதன் தொடர்ச்சியாக எழுத மறுக்கும். கவனிக்காவிட்டால் நள்ளிரவு வரை பதிவே இருக்காது. மேம்படுத்தியவுடன் இன்றைய கோப்பை வேறு பெயருக்கு நகர்த்திவிட்டு சர்வீஸை மறுதொடக்கம் செய்தால் தீர்ந்தது. ஒரு கருவி தன் சொந்தப் பதிவைத் தானே படிக்க மறுப்பது எங்களுக்குப் பிடிக்காத குணம். இதேபோல் பதிவு எழுதும் பழைய சார் கருவியிலும் வடிவம் மாறியதுண்டு என்றாலும், இங்கே அது அடிக்கடி தட்டுப்படுகிறது.

திரையில் உருட்டிப் பார்ப்பது ஒரு சம்பவத்துக்குச் சரி. ஒரு நாளின் போக்கைப் பார்க்க ஏடாப்-சார் இருக்கிறது: அதே பதிவுக் கோப்பிலிருந்து வரிவரியாக அறிக்கை தரும். சின்ன சி சிபியு, சின்ன எம் மெமரியும் ஸ்வாப்பும், டிஸ்க்கின் சின்ன டி டிஸ்க். இவற்றைவிடப் பயனுள்ளது பெரிய ஓ. ஒவ்வொரு சாம்பிளிலும் சிபியுவை அதிகம் தின்ற மூன்று புராசஸ்களை ஒரே வரியில் தரும். பெரிய ஜி மெமரிக்கு அதையே செய்யும். நாள் முழுக்க மெல்ல மெல்ல வீங்கும் புராசஸைக் கண்டுபிடிக்கப் பெரிய ஜி அறிக்கையை மேலிருந்து கீழே ஒருமுறை ஓடவிட்டுப் பார்த்தாலே போதும்.

எண்களை எக்செல்லுக்கோ ஸ்கிரிப்டுக்கோ கொடுக்க வேண்டுமானால் ‘பார்ஸபிள்’ என்பதன் பெரிய பி. அதன் பின்னால் சிபியு, டிஎஸ்கே, பிஆர்சி என்று வேண்டிய லேபிள்களைக் காற்புள்ளியிட்டுக் கொடுத்தால், ஒவ்வொரு வரியும் லேபிள், ஹோஸ்ட், எபாக், தேதி, நேரம், இடைவெளி என்று தொடங்கி, பிறகு எண்களாக வரும். சாம்பிளுக்குச் சாம்பிள் நடுவே ‘செப்’ என்ற பிரிப்பு வரி. பத்தி பத்தியாகப் பிரிக்கும் ஆக் கட்டளையில் வெட்டும்போது உறுத்தும் இடம் ஒன்று: புராசஸ் பெயர் அடைப்புக்குறிக்குள் வருகிறது, பெயரில் இடைவெளி இருந்தால் பத்தி எண்கள் எல்லாம் தள்ளிப்போகும். புதிய பதிப்புகளில் பெரிய இசட் சேர்த்தால் இடைவெளிக்குப் பதில் அடிக்கோடு போட்டுத் தரும். சிபியு எண்கள் சதவீதமாக அல்லாமல் கடிகாரத் துடிப்புகளாக வருவதையும், அதே வரியில் இருக்கும் வினாடிக்கு எத்தனை துடிப்பு என்ற எண்ணால் வகுக்க வேண்டும் என்பதையும் மேன் பக்கம் சொல்கிறது. ஜேசான் வேண்டுவோருக்குப் பெரிய ஜே.

அதிகம் பேசப்படாத வசதி ஒன்று. ஓடிக்கொண்டிருக்கும் ஏடாப்புக்கு யூஎஸ்ஆர்1 சிக்னல் அனுப்பினால், நேரம் வரும் வரை காத்திருக்காமல் அந்தக் கணமே ஒரு சாம்பிள் எடுத்துப் பதியும். உங்கள் எச்சரிக்கை ஸ்கிரிப்டில் ‘லோடு இவ்வளவைத் தாண்டினால்’ என்ற இடத்தில் இந்த ஒரு வரியைச் சேர்த்தால், இடைவெளி 60 ஆக இருந்தாலும் திணறல் தொடங்கிய நொடி கோப்பில் தனியே நிற்கும். டெப்ளாய்மெண்டுக்கு முன்னும் பின்னும் ஒவ்வொன்று அனுப்பி வைப்பதும் நல்ல பழக்கம். எல்லைக்கோடு போட்டதுபோல் இருக்கும்.

பாதுகாப்பில் இரண்டைச் சொல்லாமல் விட முடியாது. 2025 மார்ச்சில் ஏடாப்பில் ஒரு ஓட்டை வெளியானது, ஓட்டைகளுக்கான பொதுப் பட்டியலில் அதன் எண் சிவிஇ-2025-31160. ஜிபியு விவரம் சேகரிக்கும் துணை டீமனை (பின்னணி நிரலை) தேடி, பழைய பதிப்புகளில் ஏடாப் தொடங்கும்போதே அதே இயந்திரத்தின் (லோக்கல்ஹோஸ்ட்) 59123 போர்ட்டைத் தட்டியது. அங்கே டீமன் இல்லாமல் வேறொரு சாதாரணப் பயனரின் நிரல் உட்கார்ந்து தப்பான பதிலைக் கொடுத்தால் ஏடாப்பின் நினைவகம் குழம்பியது. ரூட்டாக ஓடும் நிரலில் இப்படி என்பது சாதாரண விஷயமல்ல. 2.11.1-இல் சரிசெய்தார்கள், அதிலிருந்து ஜிபியு டீமனைத் தேட வேண்டுமானால் சின்ன கே என்று நாமே வெளிப்படையாகக் கேட்க வேண்டும். விநியோகங்கள் பழைய எண்ணிலேயே திருத்தத்தைச் சேர்த்து வெளியிடுவதால், பதிப்பு எண்ணை மட்டும் பார்த்துப் பயப்படவோ நிம்மதியாகவோ வேண்டாம். பேக்கேஜின் சேஞ்ச்லாக்கில் மேற்படி சிவிஇ எண் இருக்கிறதா என்று தேடுங்கள்.

மற்றொன்று, பதிவில் முழுக் கட்டளை வரி இருக்கிறது என்பதன் மறுபக்கம். கடவுச்சொல்லைக் கட்டளையிலேயே தட்டும் காப்பு ஸ்கிரிப்ட் ஏதாவது இருந்தால், அது 28 நாளுக்கு இந்தக் கோப்பில் கிடக்கும். வெளி ஆள் யாருக்காவது ஆராயக் கோப்பை அனுப்புவதற்கு முன், சின்ன சி அடித்து ஒரு கண் பாருங்கள். அடைவின் அனுமதியையும் ரூட்டுக்கு மட்டும் என்று இறுக்கிவிடுவது நல்லது.

மாற்றுகள் என்ன? செபாஸ்டியான் கோடார் எழுதிய சிஸ்ஸ்டாட்டின் சார் பழையது, நம்பகமானது, கோப்பு சின்னது. பல மாதப் போக்கைப் பார்க்க இன்றும் அதுவே. அதன் துணைக்கருவி சாட்எஃப் மூலம் எஸ்விஜி வரைபடமும் எடுக்கலாம். ஆனால் புராசஸ் விவரம் அதன் பதிவில் கிடையாது. டிஸ்க் பிஸி என்று சொல்லும், யாரால் என்று சொல்லாது. டெபியனில் நிறுவிய பின் /எட்சி/டிஃபால்ட்/சிஸ்ஸ்டாட் கோப்பில் எனேபிள்ட் வரியை ‘ட்ரூ’ ஆக்க மறந்தால் எதையும் பதியாது. இது ஆண்டுக்கணக்காக எத்தனையோ பேரைக் கவிழ்த்த வரி. ஏடாப்பையும் சாரையும் சேர்த்தே வைத்துக்கொள்ளலாம், சண்டை போடாது.

ஃபேஸ்புக்காரர்கள் ரஸ்ட் மொழியில் எழுதிய பிலோ, புராசஸ்களைக் குழுக்களாகப் பிரித்துக் கணக்கிடும் சிகுரூப் 2-ஐ மையமாக வைத்தது. இயல்பாகவே 5 வினாடிக்கு ஒரு சாம்பிள். பின்னோட்டத்தில் ‘ஐந்து நிமிடத்துக்கு முன்’ என்று பேச்சுவழக்கில் நேரம் கொடுக்கலாம். நகரும் விசைகூட ஏடாப்பின் அதே டி. கண்டெய்னர்களும் சிஸ்டம்டி ஸ்லைஸ்களும் நிறைந்த பெட்டியில் ‘எந்த சர்வீஸ் தின்றது’ என்ற கேள்விக்கு இது கொடுக்கும் மரவடிவப் பதில் ஏடாப்பைவிடத் தெளிவு. ஏடாப்பிலும் அண்மையில் சிகுரூப் காட்சி சேர்ந்திருக்கிறது. பழைய கர்னல்களில் பிலோ உதவாது. இதற்கும் 2025-இல் லாக் அடைவின் அனுமதி தொடர்பாக ஒரு சிவிஇ வந்தது; 0.9.0-க்குக் குறைந்ததை நிறுவாதீர்கள். பெர்ல் மொழியில் இருக்கும் கலெக்டில், 10 வினாடிப் பதிவை இயல்பாகவே தந்த நல்ல கருவி. நூற்றுக்கணக்கான சர்வர்களை ஒரே இடத்திலிருந்து பார்க்க வேண்டியவர்கள் பிசிபியை (பெர்ஃபார்மன்ஸ் கோ-பைலட்) கற்றுக்கொள்வதே மேல். அதன் ஆவணங்களை ஏடாப் போன்ற திரையிலேயே ஓட்டிப் பார்க்கும் வசதியும் அதில் உண்டு. ஏடாப் ஒரு பெட்டியைப் பார்க்கும் கருவி, அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது.

நெட்வொர்க்கில் ஏடாப் வெறுங்கையோடு வருகிறது. இன்டர்ஃபேஸ்வாரியாக எவ்வளவு போனது வந்தது என்று காட்டும். எந்தப் புராசஸால் என்று காட்ட நெட்ஏடாப் என்ற கர்னல் மாட்யூலைத் தனியாகத் தொகுத்து ஏற்ற வேண்டும், அல்லது மாட்யூல் இல்லாமல் சிறு நிரலாகக் கர்னலுக்குள் ஓடும் அதன் பிபிஎஃப் வடிவத்தை நிறுவ வேண்டும். மாட்யூல் வழியில் போனால் ஒவ்வொரு கர்னல் மேம்படுத்தலுக்குப் பின்னும் மறுபடி தொகுக்க வேண்டியிருக்கும். அதை மறந்தால் புராசஸ்வாரி நெட்வொர்க் பத்திகள் பதிவிலிருந்து காணாமல் போகும், பிழைச்செய்தி எதுவும் வராது. இந்த ஒன்றுக்காக மட்டும் ஏடாப்பைத் தேடி வந்தவர்கள், பிபிஎஃப் வடிவம் தங்கள் கர்னலில் ஓடுகிறதா என்று முதலில் சோதித்துவிட்டு மற்றதைத் தொடங்குங்கள்.